ஆசும் வெங்காரமும் நெருப்பும்

சிங்கப்பூர்த் தீவின் மேற்குப் புறத்தில் கிளமெண்டி என்றொரு வட்டாரம் உண்டு. ஆளுநர் பெயரைத் தாங்கிய அதன் நெடுஞ்சாலைக்கு 1947 வரை வேறு பெயர் வழங்கிற்று. இளங்குற்றவாளிகளைத் திருத்தும் பள்ளி அங்கிருந்தமையால் 'ரிஃபார்மேட்டரி ரோடு' என்றனர். 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே அடுக்குமாடி வீடுகளை எழுப்பிற்று. 1988இல் பெருவிரைவு ரயில் வந்து சேர்ந்தது. அவ்வீடுகளின் நடைவழியே செல்வோர்க்கு வாயில்தோறும் ஓர் இரும்புக் கதவு கண்ணிற் படும். கம்பியும் கம்பியும் கூடும் மூலையைக் கூர்ந்து நோக்கினால், வண்ணப் பூச்சின் கீழே, மீன் செதிலை அடுக்கியது போன்ற சிறு தழும்பு ஒன்று தெரியும். அதுவே பற்றவைப்பு.

கிளமெண்டிக்கு மேற்கே சில கல் தொலைவில் ஜூரோங் உள்ளது. 1963இல் ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டுறவோடு அங்கே தோன்றியது ஒரு கப்பல் தளம். 1967இல் தொடங்கப்பெற்ற ஃபார் ஈஸ்ட் லெவிங்ஸ்டன் நிறுவனம், கடலில் எண்ணெய் தோண்டும் மேடைகளைக் கட்டுவதில் பின்னாளில் உலகப் புகழ் எய்தியது. இவ்விரண்டின் வழிவந்த பெரு நிறுவனங்கள் 2023இல் ஒன்றாகிச் சீட்ரியம் என்னும் பெயர் பூண்டன. அத்தகைய மேடையின் கால்களில் ஐந்து அங்குலத்திற்கும் மேற்பட்ட தடிப்புள்ள எஃகு உண்டு. கதவின் மூலையிலும் மேடையின் காலிலும் காணப்படும் தழும்பு ஓரினத்தது. இரண்டையும் ஆக்கியது மின்பொறியே. ஆயினும் கதவுக்கு எடுத்த ராடைக் கொண்டு, கதவுக்கு வைத்த மின்னோட்டத்தில் மேடையின் காலை இணைக்க முற்பட்டால், விளைவு உயிர்ச்சேதமாக முடியும்.

எந்த ராடு, எத்தனை ஆம்பியர் என்னும் வினாவுக்குப் பட்டறைகளில் வழங்கும் விடை பெரும்பாலும் ஓர் எண்தான். மூத்தவர் ஒருவர் "நூற்றிருபதில் வை" என்பார். இளையவர் அவ்வாறே வைப்பார். ஏன் நூற்றிருபது என்று கேட்பவர் சிலர். சொல்லக்கூடியவர் அவரினும் சிலர். இத்தொழிலின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால் அந்த 'ஏன்' தானே விளங்கும். அதற்குத் தமிழாசிரியர்கள் நன்கறிந்த ஒரு சொல்லிலிருந்தே புறப்படலாம்.

யாப்பிலக்கணத்தில் ஆசிடை நேரிசை வெண்பா என ஒரு வகை சொல்லப்படுகின்றது. இரண்டு குறட்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற்குறளின் இறுதியும் தனிச்சொல்லும் ஓசை பொருந்தாமல் விட்டிசைக்குமாயின், இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்ப்பது மரபு. அவ்வாறு சேர்க்கப்படுவதற்கு ஆசு என்று பெயர். பொற்கொல்லர் இரு துண்டு உலோகத்தை ஒன்றாக்க இடையில் இடும் பற்றாசே இச்சொல்லின் மூலம். அதே ஆசு என்னும் சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டென்பது யாவரும் அறிந்தது. இணைப்பையும் குற்றத்தையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது; இணைத்த இடத்தில்தான் குற்றம் முதலில் தேடப்படும் என்பதைக் கொல்லரைக் கேட்டால் சொல்வார்.

பொற்கொல்லரின் முறையைச் சற்று நிதானித்துக் காண்பது நலம். அவர் முன்னே மூன்று பொருள்கள் இருக்கும். ஒன்று பற்றாசு, இஃது இணைக்கப்படும் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலப்பு உலோகம். இரண்டாவது வெங்காரம், சூடேறும் உலோகத்தைக் காற்றுப் படாமல் மூடி, மேலே படியும் துருவையும் அழுக்கையும் கரைத்து, பற்றாசு ஓடிப் பரவ வழி செய்வது இது. மூன்றாவது, ஊதுகுழலால் செலுத்தப்படும் நெருப்பு. மூன்றும் தனித்தனியே அவர் ஆட்சியில் உள்ளன. நெருப்பு மிகுந்தால் குழலை விலக்குவார். வெங்காரம் போதாதெனின் மேலும் ஒரு சிட்டிகை இடுவார். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டும் தாமே மாறுவதில்லை. இத்தொழிலில் பொன் உருகுவதில்லை, பற்றாசு மட்டுமே உருகும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். பற்றவைப்பிலோ இணையும் இரு விளிம்புகளும் உருகி, ஒரே குளமாகி, பின் உறைய வேண்டும். ஆகவே அதற்கு வேண்டிய நெருப்பும் பெரிது.

அந்தப் பெரு நெருப்பை மின்சாரம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி, இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்பொறி வளைந்து எரிவதைக் காட்டினார். எட்டு பத்தாண்டுகள் அஃது ஒளி தரும் வேடிக்கையாகவும் விளக்காகவும் இருந்தது. 1880களில் ருஷ்ய நாட்டவரான நிக்கோலாய் பெனார்தோஸ், போலந்து நாட்டவரான ஒல்ஷெவ்ஸ்கியுடன் சேர்ந்து, கரிக்குச்சியின் பொறியால் இரும்பை உருக்கி இணைக்கும் முறைக்கு 1885இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். கிரேக்கரின் கொல்லக் கடவுளான ஹெஃபெஸ்டஸின் பெயரை இணைத்துத் தம் முறைக்கு அவர் பெயர் சூட்டினார். இம்முறையில் கரிக்குச்சி நெருப்பை மட்டும் தந்தது. இட்டு நிரப்ப வேண்டிய இரும்புக் கம்பியை மறு கையில் பிடித்தனர். ஆக, நெருப்பு வேறு, ஆசு வேறு என்னும் பொற்கொல்லர் முறை இன்னும் மாறவில்லை.

1888இல் மற்றொரு ருஷ்யப் பொறியாளரான நிக்கோலாய் ஸ்லாவ்யானோவ் கரியை நீக்கிவிட்டு இரும்புக் கம்பியையே மின்முனை ஆக்கினார். பொறி அக்கம்பியின் நுனியில் எரியும். எரியும் நுனி உருகிச் சொட்டும். சொட்டியதே இணைப்பை நிரப்பும். 1890இல் அமெரிக்காவில் காஃபின் என்பவரும் இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். நெருப்பும் ஆசும் ஒரே குச்சியில் கூடிய நாள் இதுவே. இதன் விளைவு பெரிது. மின்னோட்டத்தைக் கூட்டினால் தகடும் மிகுதியாக உருகும், குச்சியும் விரைந்து உருகும். ஒன்றை விட்டு ஒன்றைக் கூட்ட இயலாது. எத்தனை ஆம்பியர் என்னும் கேள்வி எந்தக் குச்சி என்னும் கேள்வியோடு பிரிக்க முடியாமல் பிணைந்தது அன்றுதான்.

ஆனால் வெங்காரம் எங்கே? வெறுங்கம்பியால் இட்ட இணைப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு நுண்துளைகளும் நொறுங்கும் தன்மையும் உடையதாயிற்று. பொறியும் நிலையாக நில்லாமல் அடிக்கடி அணைந்தது. பொற்கொல்லர் பட்டறையில் சிறுவனும் அறிந்த பாடத்தைப் பெரும் ஆலைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயன்படுத்தாமல் இருந்தன எனலாம். அதை மீட்டவர் ஸ்வீடன் நாட்டின் ஆஸ்கர் ஷெல்பெர்க். கப்பல் எந்திரப் பணியில் இருந்த அவர், நீராவிக் கொதிகலன்களின் கசிவை அடைக்கச் செய்யப்பட்ட பழுதுபார்ப்புகள் நிலைக்காமையைக் கண்டவர். 1904இல் கோத்தன்பர்க் நகரில் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பியைக் கார்பனேட்டும் சிலிக்கேட்டும் கலந்த குழம்பில் தோய்த்து உலர்த்தி, மேற்பூச்சுடைய ராடை ஆக்கி, 1907இல் அதற்குக் காப்புரிமை நாடினார். பூச்சு எரிந்து எழும் வளி உருகிய இரும்பைச் சூழ்ந்து காற்றை விலக்கும். பூச்சின் எஞ்சிய பகுதி கசடாக மிதந்து இணைப்பின்மேல் போர்வையாகப் படியும். ஆறியபின் சுத்தியலால் தட்டினால் உதிரும். அதாவது, மூன்றாவது பொருளும் அதே குச்சியில் ஏறிவிட்டது.

நூல்களில் மின்வாய் என்றும் மின்முனை என்றும் எழுதப்படும் இப்பொருளைப் பட்டறையில் எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. அங்கே அது 'ராடு'தான். கலைச்சொல் அகராதியில் என்ன இருப்பினும், நாள்தோறும் கையாள்பவர் இட்ட பெயருக்கே உயிர் உண்டு. 'கசடு' என்னும் சொல்லுக்கோ அந்தத் தொல்லை இல்லை; வள்ளுவர் ஆண்ட சொல் பட்டறைக்கும் அப்படியே பொருந்துகின்றது.

இனி, ராடின் பெயராக வழங்கும் எண்களைப் பார்க்கலாம். கதவும் சாளரமும் செய்வோர் பெரும்பாலும் எடுப்பது 'ஈ 6013'. அமெரிக்க முறைப்படி அமைந்த இவ்வெண்ணில் முதல் இரண்டு இலக்கம், படிந்த உலோகம் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு இழுவிசை தாங்கும் என்பதைக் குறிக்கும். அடுத்த 1, படுக்கையாகவும் செங்குத்தாகவும் தலைக்கு மேலும் எந்நிலையிலும் பயன்படும் என்பதைச் சொல்லும். கடைசி இலக்கம் முன்னதனோடு சேர்ந்து பூச்சின் வகையைக் காட்டும். 6013இன் பூச்சில் முதன்மையானது ரூட்டைல் என்னும் டைட்டானியக் கனிமம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனிமங்களுள் இதுவும் ஒன்று. பொறியை எளிதில் பற்றச் செய்து, அசையாமல் நிறுத்தி, மென்மையான தழும்பைத் தருவது இதன் குணம். புதியவர் கைக்கும் இணங்கும்.

'ஈ 6010'இன் பூச்சு மரக்கூழாகிய செல்லுலோஸ் மிகுந்தது. பொறி ஆழமாகத் துளைத்துச் செல்லும். குழாய்வழி அமைப்போர் முதல் அடுக்குக்கு இதை நாடுவர். 'ஈ 7018'இன் பூச்சில் சுண்ணாம்புக் கல்லும் ஃபுளோர்ஸ்பாரும் இரும்புத் தூளும் உண்டு. கப்பல், பாலம், கொதிகலன், எண்ணெய் மேடை ஆகியவற்றின் எஃகுக்கு உரியது இவ்வினமே. அதன் காரணத்தைப் பின்னர்க் காணலாம்.

ராடின் கம்பி எவ்வளவு தடிப்போ, அதற்கேற்பவே மின்னோட்டம். ஒரு மில்லிமீட்டர் விட்டத்திற்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது நெடுங்காலமாக வழங்கும் தோராயக் கணக்கு. மெல்லிய ராடுகளுக்கு அதனினும் சற்றுக் குறையும். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 95 வரை, 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 140 வரை, 4 மி.மீ. ராடுக்கு 140 முதல் 190 வரை என எல்லை வகுத்தால் பெரும்பாலும் பிழையாகாது. ஆயினும் ஒரே விட்டமுள்ள 6013க்கும் 7018க்கும் எல்லை ஒன்றன்று. பின்னதன் பூச்சை உருக்கச் சற்று மிகுதி வேண்டும். பொட்டலத்தின்மேல் உற்பத்தியாளர் அச்சிட்ட எல்லையே இறுதியானது. அதைப் படியாமல் பொட்டலத்தைக் கிழித்தெறியும் வழக்கம் பல பட்டறைகளில் இருப்பது வருந்தத்தக்கது.

ஓட்டம் குறைந்தால் நேர்வது யாது? பொறி பற்றாது; ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும்; உருகிய இரும்பு தகட்டினுள் இறங்காமல் மேலே குவிந்து கயிறு போல் கிடக்கும்; கசடு அடியில் சிக்கும். மேலே பார்ப்பவர்க்கு நிறைந்த இணைப்பு, உள்ளே பற்றில்லாத வெறும் ஒட்டு. ஓட்டம் மிகுந்தால் தகட்டின் ஓரம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பொறிகள் நாற்புறமும் தெறிக்கும். மெல்லிய தகடாயின் ஓட்டையே விழும். இன்னொரு தீங்கு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ராடின் முழு நீளத்திலும் மின்னோட்டம் பாய்வதால் பாதி எரிவதற்குள் எஞ்சிய பாதி சிவக்கக் காய்ந்து, பூச்சு தன் வேலையைச் செய்யுமுன்பே வெந்து கெடும். நெருப்பைக் கூட்டப் போய் வெங்காரத்தை இழந்த கதை இது. "கொஞ்சம் கூட வைத்தால் நன்றாக இறங்கும்" என்போர் மூன்று பொருளும் ஒரே குச்சியில் இருப்பதை மறந்தவர்.

நிலைக்கேற்பவும் ஓட்டம் மாறும். செங்குத்தாகவோ தலைக்கு மேலோ இடும்போது உருகிய இரும்பு வழியாமலிருக்கப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறைப்பது வழக்கம். இங்கே பற்றவைப்பாளர் தேர்வுகளில் கடினமான 'சிக்ஸ் ஜி'யைக் கருதலாம். குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாதபடி நிறுத்திவிடுவர். அதைச் சுற்றி இணைத்து வரும் கை கீழிருந்து மேல்நோக்கியும், பக்கவாட்டிலும், மேலிருந்தும் ஆக எல்லா நிலைகளையும் கடக்கும். நிலைக்கு நிலை கைவிட்டுப் போய்ப் பொறியின் திருகைத் திருப்பிக்கொண்டிருக்க இயலாது. எல்லா நிலைக்கும் ஈடுகொடுக்கும் ஓர் ஓட்டத்தை முன்கூட்டியே தேர்ந்து, மிச்சத்தைக் கையின் கோணத்தாலும் வேகத்தாலும் சரிசெய்ய வேண்டும். மனப்பாடம் செய்த எண் இங்கே உதவாது.

தமிழ்நாட்டில் இத்தொழில் பேரளவில் வேரூன்றியதற்கு இரண்டு ஆலைகளைச் சிறப்பாகச் சொல்லலாம். 1955 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் துணையோடு முழுதும் பற்றவைத்த எஃகுப் பெட்டிகளைக் கட்டியது. 1960களில் திருச்சி திருவெறும்பூரில் எழுந்த மிகுமின் கொதிகலன் ஆலை உயர் அழுத்த நீராவியைத் தாங்கும் குழாய்களை இணைத்தது. அதனுடன் சேர்ந்து 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. கொதிகலன் குழாயில் நுண்துளை ஒன்று இருந்தாலும் நீராவி அதைக் கண்டுபிடித்துவிடும். திருச்சியைச் சூழ்ந்த சிறு பட்டறைகள் பல அக்கண்டிப்பில் வளர்ந்தவை. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர்க் கப்பல் தளங்களுக்கு வந்த பற்றவைப்பாளர் பலர்.

வந்தவர்க்கு இங்கே ஒரு புதிய பகை காத்திருந்தது. அது காற்றிலுள்ள ஈரம். ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்த இத்தீவில், திறந்து வைத்த 7018 ராடு சில மணி நேரத்தில் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த ஈரம் பொறியில் பிளந்து ஹைட்ரஜனாகி உருகிய எஃகில் கரையும். எஃகு உறைந்தபின் வெளியேற வழி தேடும் ஹைட்ரஜன், இணைப்பின் ஓரத்தில் கடினப்பட்ட பகுதியில் விரிசலை உண்டாக்கும். அவ்விரிசல் உடனே தோன்றுவதில்லை. சில மணி கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ தோன்றும். வலிமை மிக்க எஃகில் இணைப்பிட்டு 48 மணி நேரம் காத்திருந்து சோதிப்பதற்குக் காரணம் இதுவே. 'குறை ஹைட்ரஜன்' இனமாகிய 7018 பிறந்ததும் இத்தீங்கை ஒழிக்கவே. அதன் பூச்சில் ஹைட்ரஜன் தரும் பொருள் மிகக் குறைவு. ஆனால் ஈரம் ஏறினால் அப்பெயர் வெறும் பெயராகும். ஆகவே 300 முதல் 350 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் சுட்டு, பின் சூடான பெட்டியில் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவே எடுக்க வேண்டும். மாறாக, 6010 ராடைச் சுட்டால் கெட்டுப்போகும்; அதன் பூச்சுக்குச் சிறிது ஈரம் இருந்தாக வேண்டும். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சு.

பற்றவைப்பின் மேல் சுமத்தப்பட்ட பழிகள் யாவும் உண்மையல்ல. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அமைதியான துறைமுக நீரில் நின்ற ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தபோது பற்றவைப்பே குற்றவாளி என்றனர் பலர். குளிரில் நொறுங்கும் எஃகும், கூரிய மூலைகளைக் கொண்ட அமைப்பும் பெரும் பொறுப்புடையவை என்பது கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் அம்மையார் போன்றோரின் ஆய்வால் பின்னர்ப் புலனாயிற்று.

ஆயினும் 1980 மார்ச் 27ஆம் நாள் வட கடலில் நிகழ்ந்ததை அவ்வாறு விலக்க முடியாது. நார்வே நாட்டு நாவலாசிரியர் அலெக்சாண்டர் கீலண்டின் பெயர் தாங்கிய மேடை ஒன்று, எண்ணெய்த் தொழிலாளர் தங்கும் இடமாகப் பயன்பட்டு வந்தது. ஐந்து கால்கள் கொண்ட அம்மேடையின் கால் ஒன்று புயலில் முறிந்தது, மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஆய்ந்தபோது முறிவின் தொடக்கம் மேடையின் பெரிய இணைப்பு எதிலும் இல்லை. ஒலியை உணரும் சிறு கருவி ஒன்றைத் தாங்குவதற்காகக் குறுக்குக் குழாயில் பொருத்திய துண்டின் 6 மி.மீ. அளவுள்ள பற்றவைப்பில் இருந்தது அது. அதன் வடிவம் செம்மையாக இல்லை, ஊடுருவலும் போதாது, அங்கிருந்து விரிசல் பரவிக் குழாயை அறுத்தது. விரிசலினுள்ளே வண்ணப் பூச்சின் தடம் காணப்பட்டது. அதாவது, மேடை கட்டப்பட்ட தளத்தில் பூச்சு அடிக்கும்போதே விரிசல் அங்கே இருந்திருக்கின்றது. எவர் கண்ணிலும் படவில்லை. மேடையின் வலிமைக்குத் தொடர்பில்லாத துணைப்பொருள் என்று கருதி இட்ட இணைப்பே அத்தனை உயிரையும் கொண்டது. கிளமெண்டிக் கதவின் மூலையில் காண்பது போன்ற சிறிய தழும்புதான் அதுவும்.

இக்காலக் கப்பல் தளங்களில் ராடின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது கம்பி. சுருளிலிருந்து எந்திரம் இடையறாமல் தள்ளும் 1.2 மி.மீ. கம்பி, 300 ஆம்பியர் வரை தாங்கும் என்றால் ராடு பிடித்துப் பழகியவர் வியப்பார். நான்கு மில்லிமீட்டர் ராடே இருநூறைத் தாங்காதே! காரணம் எளிது. ராடில் மின்னோட்டம் ஒரு முழ நீளத்திற்கும் பாய்ந்து சூடேற்றுகின்றது. கம்பியிலோ நுனிக்கு அரை அல்லது முக்கால் அங்குலம் முன்னர்தான் மின்சாரம் ஏறுகின்றது. இங்கே வெங்காரத்தின் வேலையை உருளையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடோ ஆர்கன் கலவையோ செய்யும்; மூன்றில் ஒன்று மீண்டும் பிரிந்தது. ஆம்பியருக்கெனத் தனித் திருகும் பெரும்பாலும் இல்லை. கம்பி வரும் வேகத்தைக் கூட்டினால் ஓட்டம் தானே கூடும். வோல்ட் அளவை அதற்கிசையத் தனியே அமைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் எண்ணை மட்டும் தேடுபவர் இங்கே திகைப்பர்.

1950களில் தோன்றிய மற்றொரு கம்பி, உள்ளே துளையுடையது. அத்துளையில் பொடி நிரப்பப்பட்டிருக்கும். ராடுக்கு வெளியே இருந்த பூச்சு கம்பிக்கு உள்ளே புகுந்துகொண்டது. தடித்த தகடுகளைச் செங்குத்தாக விரைந்து இணைக்கத் தளங்கள் இதையே விரும்புகின்றன. மெல்லிய எஃகுப் பட்டையை மடித்துக் குழலாக்கியே இதைச் செய்வதால் பல வகைகளில் நீளவாக்கில் நுண்ணிய பிளவு ஒன்று இருக்கும். அதன் வழியே ஈரம் புகும். ஆதலால் வேலை முடிந்த மாலையில் சுருளை எந்திரத்திலேயே விட்டுச் செல்லாமல், கழற்றி, உறையிலிட்டு, உலர்ந்த அறைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டே தொழிலாளர் வீடு திரும்ப வேண்டும்.